மூச்சுக்கு எத்தனை சுற்று?

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டை ஆடிய அமண்டா நூனெஸ் என்ற பிரேசில்காரியைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான். ஆகவே முழங்கால் நோ, சீனி வருத்தம், மாமியார் எல்லாம் அடுத்த இதழுக்கு. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மகளுக்குப் பதினாறு வயது. ஓ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். இரவிரவாக ஃபோனில் இந்த அமண்டாவின் சண்டைகள்தான். தானும் எம்.எம்.ஏ. வகுப்புக்குப் போகப் போகிறாளாம். கூண்டுக்குள் விட்டு ஆளை ஆள் அடிக்கிறது ஒரு விளையாட்டா? யார் இந்தப் பெண்? மகளை விடலாமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதலில் ஆளைச் சொல்கிறேன் அம்மா, பிறகு மகளுக்கு வருவோம்.

1988 மே 30இல் பிறந்தவர். பிரேசிலின் வடகிழக்கில் பஹியா மாநிலம், அதில் பொஜூகா என்றொரு சின்ன ஊர். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போதே தாய் தகப்பன் பிரிந்துவிட்டார்கள். தாய் உழைத்து வளர்த்த பிள்ளை. சின்னனில் கராத்தே, பிறகு உதைபந்து. உங்கள் மகளின் வயதளவில் குத்துச்சண்டையும், தரையில் பிடித்து மடக்கும் ஜியு ஜிட்சுவும். அதன்பிறகு சல்வடோர் நகரத்துக்குப் போய் ஒரு ஜிம்மிலேயே தங்கிப் பழகினார். அங்கே இருந்த ஒரே பெண் அவர்தான். ஜிம்மின் சின்னம் சிங்கம் என்பதால் இவருக்கு ‘லியோவா’, அதாவது பெண்சிங்கம், என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சிங்கம் 2008 மார்ச்சில் முதல் தொழில்முறைச் சண்டைக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றது. எதிராளி கையை மடக்கிப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வரிசையாக வெற்றி. 2011 ஜனவரியில் ஜூலியா பட் என்ற கனடாக்காரியை 14 விநாடியில் விழுத்தினார். மகளிடம் கேளுங்கள், அந்த வீடியோவைக் கட்டாயம் பார்த்திருப்பாள்.

ஆனால் அவள் பார்க்காமல் தள்ளிவிட்டிருக்கக்கூடிய வீடியோக்கள் வேறு. அதே வருடம் செப்டெம்பரில் அலெக்சிஸ் டேவிஸிடம் இரண்டாம் சுற்றில் தோல்வி. 2013 ஜனவரியில் இன்னொன்று. 2014 செப்டெம்பரில் காட் சிங்கானோவிடம் மூன்றாம் சுற்றில் தோல்வி. சிங்கானோ சண்டையின் முதல் சுற்றைப் பார்த்தால் அமண்டா வென்றுவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள், அவ்வளவு அடி. இரண்டாம் சுற்றில் தோள் இறங்குகிறது, வாய் திறக்கிறது, கால் பாயில் ஒட்டிக்கொள்கிறது. 14 விநாடியில் வெல்லத் தெரிந்த ஆளுக்கு 14 நிமிடம் நிற்கத் தெரியவில்லை.

எனக்கு அது நன்றாக விளங்கும். 1996இல் சுகததாச உள்ளரங்கில் ஒரு கராத்தேப் போட்டி. எதிரே கண்டியிலிருந்து வந்த பிள்ளை, என்னைவிட ஒரு சாண் கட்டை. முதல் ஒரு நிமிடம் நான்தான் ராணி. அதன்பிறகு எனக்கு வாய் திறந்துவிட்டது. ஓரத்திலிருந்து என் கராத்தே சேர் “வாயை மூடு! வாயை மூடு!” என்று கத்துகிறார். நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லையே, இந்த மனுசன் ஏன் ஏசுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். மூக்கால் மூச்சு விடச் சொல்கிறார் என்று விளங்கும்போது அந்தப் பிள்ளையின் கால் என் விலாவில் இருந்தது. திரும்பி வரும்போது ஓட்டோவில் சேர் ஒன்றும் சொல்லவில்லை. ஆமர் வீதிச் சந்தியில் மட்டும், “உனக்குக் கையும் காலும் இருக்கு, மூச்சு இல்லை” என்றார்.

அமண்டாவின் பயணத்தில் நான் பார்ப்பது இந்த மூச்சைத்தான். பட்டங்களை எண்ண வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2016 மார்ச்சில் வலென்டினா ஷெவ்செங்கோவுடன் மூன்று சுற்று ஆடி வென்றார், கடைசிச் சுற்றில் தள்ளாடியபடி. ஜூலையில், எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனமான யூ.எஃப்.சி.யின் ‘யூ.எஃப்.சி. 200’ நிகழ்வில் மீஷா டேட்டை முதல் சுற்றிலேயே அடித்து, முதுகுப் பக்கம் ஏறிக் கழுத்தை இறுக்கிப் பட்டம் எடுத்தார். அடுத்த வருடம் ஷெவ்செங்கோவுடன் மறுபடி. முதலில் குறித்த நாளில், சண்டைக்குச் சில மணித்தியாலம் இருக்கையில் விலகிக்கொண்டார். பீனிசம், மூச்சு எடுக்க முடியவில்லை என்றார். பகிடி பண்ணாத ஆளில்லை. பீனிசம் உள்ளவர்கள் பகிடி பண்ணியிருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. செப்டெம்பரில் அதே ஷெவ்செங்கோவுடன் ஐந்து சுற்று, 25 நிமிடம், மெல்லமாக, கணக்குப் பார்த்து ஆடினார். மூன்று நடுவர்களில் இருவர் அவர் பக்கம். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கதிரை நுனியில் இருந்தேன். அவர் ஒரு தடவையாவது வாயைத் திறக்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018 மேயில் ரியோவில் ரக்கெல் பென்னிங்டனை ஐந்தாம் சுற்றில் முடித்தார். இந்தச் சண்டையை உங்களுக்காகவே சொல்கிறேன். நாலாம் சுற்று முடிந்து ஸ்டூலில் இருக்கும்போது பென்னிங்டன் தன் ஆட்களிடம் எனக்குப் போதும் என்றார். அவர்கள் தைரியம் சொல்லி மறுபடி அனுப்பினார்கள். மூக்கால் ரத்தம் வழியத்தான் அது முடிந்தது.

இனி மகள். இது விளையாட்டுத்தான். நிறைப் பிரிவு உண்டு, மத்தியஸ்தர் உண்டு, பக்கத்தில் டொக்டர் உண்டு. கண்ணில் குத்தக்கூடாது, பிடரியில் அடிக்கக்கூடாது, விழுந்து கிடப்பவரின் தலையில் உதைக்கக்கூடாது. ஒரு சுற்று ஐந்து நிமிடம். சாதாரணச் சண்டை மூன்று சுற்று, பட்டத்துக்கு ஐந்து. ஆனால் ஆபத்தில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தலையில் படும் அடி தலையில்தான் படும்.

நானென்றால் இரண்டு வருடம் ஜூடோவுக்கோ குத்துச்சண்டைக்கோ விடுவேன். விழுவதற்கு முதலில் பழகட்டும். வகுப்பைப் பார்க்க நீங்களே போங்கள், ஒரு பின்னேரம் மூலையில் கதிரையைப் போட்டு இருங்கள். பிடியில் அகப்பட்ட பிள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டியவுடன் மற்றவர் விடுகிறாரா? பயிற்றுநர் அதைக் கவனிக்கிறாரா? “போதும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அவர் முகம் எப்படி மாறுகிறது? அதற்கு முகம் சுளிக்கிற இடமென்றால் கட்டிய காசு போனாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு வாருங்கள். போட்டிக்கு நிறை குறைக்க வேண்டும், தண்ணீர் குடிக்காதே என்று பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற இடமும் வேண்டாம். பல்லைக் காக்கும் கம் ஷீல்ட் இல்லாமல் ஒரு நாளும் இறக்க வேண்டாம்.

இன்னொன்று. மரைன் டிரைவ் உங்களுக்குக் கிட்டத்தானே. காலமை ஐந்தரைக்கு அவளை எழுப்பி ஓட விடுங்கள், பின்னால் நீங்கள் நடவுங்கள். மூன்று மாதம் ஓடினாளென்றால் ஆசை உண்மை. ஓடாவிட்டால் ஃபோன் சார்ஜ்தான் செலவு.

கேள்வி: அமண்டா ரொண்டா ரவுசியை வென்றது 48 விநாடியில், சைபோர்க்கை வென்றது 51 விநாடியில். இரண்டில் எது பெரிய வெற்றி? நண்பர்களுக்குள் பந்தயம், கொத்து ரொட்டி.
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சைபோர்க். கொத்து யார் வாங்கித் தருவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

2016 டிசம்பர் 30, லாஸ் வேகாஸ். பட்டம் அமண்டாவிடம், ஆனால் விளம்பரம் முழுக்க ரவுசிக்கு. ஒரு வருடத்துக்கு மேலாக ஆடாமலிருந்து திரும்பி வருகிறார் அல்லவா. நிறை பார்க்கும் மேடைக்கு அமண்டா சிங்க முகமூடி போட்டுக்கொண்டு வந்தார், அப்படியாவது ஆட்கள் தன்னைப் பார்க்கட்டும் என்றோ என்னவோ. ரவுசி ஜூடோக்காரி, 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்தவர். கிட்ட வந்து பிடித்தால் முடிந்தது கதை. பிடிக்க வருவதற்கு நடுவில் ஒரு தூரம் இருக்கிறதே, அதைக் கடக்கத்தான் அவரால் முடியவில்லை. தலையை நேராக, அசையாமல், கம்பத்தில் கட்டிய பானை மாதிரி வைத்திருந்தார். அமண்டா உறியடித்தார். இடது கையால் தூரத்தை அளந்து, பின்னாலேயே வலது. மத்தியஸ்தர் பாய்ந்து தடுத்தபோது ரவுசி விழக்கூட இல்லை, நின்றபடியே போய்விட்டிருந்தார். ஆனால் அதற்கு முதல் வருடமே மெல்பேர்னில் ஹோலி ஹோம் அவரை உடைத்துவிட்டார் என்பதை மறக்கக்கூடாது. அமண்டாவுக்குக் கிடைத்தது விரிசல் விட்ட பானை.

கிறிஸ் சைபோர்க் கதை வேறு. 2005இல் முதல் சண்டையில் தோற்றதோடு சரி, அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் தோல்வியே இல்லை. அவரும் பிரேசில், ஒரு நிறை மேலே. அமண்டா தன் 61 கிலோப் பிரிவிலிருந்து 65.8 கிலோப் பிரிவுக்கு ஏறித்தான் 2018 டிசம்பர் 29இல் அவரைச் சந்தித்தார். எல்லாரும் அமண்டாவை எச்சரித்தது ஒன்றைத்தான்: அந்த மனுசியோடு நின்று அடிபடாதே. அவர் நின்றார். சைபோர்க் கோபத்தில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வர, அமண்டா அந்தக் கைகளுக்கு நடுவால் நேராகக் கொடுத்தார். விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் காதுக்கு மேலால் வந்த ஒரு வலது. முகம் குப்புறப் போனார்.

யூ.எஃப்.சி.யில் இரண்டு நிறைகளில் ஒரே நேரத்தில் பட்டம் வைத்திருந்த முதல் பெண் அன்றைக்கு அமண்டா. ஏழு மாதத்தில் ஹோலி ஹோமையும் விழுத்தினார், தலைக்கு உதைத்து. ஹோம் ரவுசியை விழுத்திய அதே உதையால் ஹோமை விழுத்தியதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம். கெட்ட குணம்தான்.

கேள்வி: இவர்கள் கோடி கோடியாகச் சம்பாதிப்பார்களா?
— மூன்று வாசகர்கள் கேட்டது

பதில்: அந்த ரவுசி சண்டைக்கு வெளியிடப்பட்ட கணக்கு: தோற்ற ரவுசிக்கு 30 இலட்சம் டொலர். வென்ற சம்பியனுக்கு, வென்றதற்கான ஒரு இலட்சத்தையும் சேர்த்து, 2 இலட்சம் டொலர். பதினைந்தில் ஒன்று. அடி வாங்கினவருக்கும் அடித்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது. நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மகளை ஜிம்முக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: பெண்கள் கூண்டுக்குள் கட்டிப் புரள்வதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். பிரேசிலுக்கு அது சரியாக இருக்கலாம், அங்கே எல்லாம் நடக்கும். நமக்கென்று ஒரு பண்பாடு உண்டு.
— ஓய்வுபெற்ற அரச ஊழியர், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, பிரேசிலில் எல்லாம் நடக்கும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? 1941இல் அந்த நாட்டு அரசு ஓர் ஆணை போட்டது: பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக்கூடாது. எவை ஒவ்வாதவை என்று 1965இல் பட்டியலே போட்டார்கள். எந்த வகைச் சண்டையும் கூடாது, உதைபந்து கூடாது, பாரந்தூக்கக் கூடாது. பந்துக்குப் பேர்போன நாட்டில் பெண் பந்தை உதைத்தால் சட்டவிரோதம்! தடை 1979 வரை இருந்தது. அமண்டா பிறந்தது அதற்கு ஒன்பது வருடம் கழித்து. அவருடைய தாயின் தலைமுறை ஜூடோ பழகியிருந்தால் களவாகத்தான் பழகியிருக்க வேண்டும். நீங்கள் எழுதிய அதே வசனத்தை அங்கேயும் ஓய்வுபெற்ற அரச ஊழியர்கள் எழுதியிருப்பார்கள், போர்த்துக்கேய மொழியில்.

அமெரிக்காவும் பெரிய திறம் இல்லை. யூ.எஃப்.சி.யின் தலைவர் டேனா வைட்டிடம் பெண்களை எப்போது இறக்குவீர்கள் என்று 2011இல் கேட்டபோது ஒருபோதும் இல்லை என்றார். 2013 பெப்ரவரியில் இறக்கினார். சீட்டு விற்குமென்று தெரிந்தால் பண்பாடு இரண்டு வருடத்தில் மாறுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுகளில் (இன்றைய பொதுநலவாயப் போட்டிதான்) பார்னி ஹென்றிகஸ் குத்துச்சண்டையில் தங்கம் எடுத்ததை உங்கள் காலத்து ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன். எண்பது வருடம் கழித்து, 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் அனுஷா கொடித்துவக்கு 48 கிலோப் பிரிவில் வெண்கலம் எடுத்தாரே, அது ஞாபகம் இருக்கிறதா? அரையிறுதியில் இந்தியாவின் மேரி கோமிடம் தோற்றுத்தான் வெண்கலம். எங்கள் தொடர்மாடியில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேருக்கு மேரி கோமைத் தெரியும். அனுஷாவை ஒருவருக்கு.

கேள்வி: அமண்டாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?
— ஒரு வாசகி, தெமட்டகொடை

பதில்: ஆகிவிட்டது. மனைவி பெயர் நீனா, அவரும் யூ.எஃப்.சி.யில் ஆடியவர். 2020 செப்டெம்பரில் நீனா ஒரு மகளைப் பெற்றார். ஆறு மாதத்துக்குள் அமண்டா ஒரு பட்டச் சண்டையை முதல் சுற்றில் முடித்துக்கொண்டார். கைக்குழந்தை உள்ள வீட்டில் நித்திரை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும். உங்கள் கடிதத்தின் மீதி நாலு வரியை நான் அச்சிடவில்லை தங்கச்சி. நீங்களே ஒருநாள் அதை எழுதியிருக்க வேண்டாம் என்று நினைப்பீர்கள்.

கேள்வி: அக்கா, நான் பாடசாலைக் குத்துச்சண்டை அணியில் இருக்கிறேன். போன தவணை எல்லாரும் நான்தான் வெல்வேன் என்றார்கள், புதுப் பிள்ளை ஒருத்தியிடம் தோற்றேன். இரண்டு கிழமையாகப் பயிற்சிக்குப் போகவில்லை. அமண்டாவும் அப்படித் தோற்றாராமே?
— 17 வயது, வத்தளை

பதில்: தோற்றார். 2021 டிசம்பர் 11, ஜூலியானா பெண்யாவிடம். தோற்பார் என்று பந்தயம் கட்ட ஆளில்லை. முதல் சுற்றில் பெண்யாவை விழுத்தவும் செய்தார். இரண்டாம் சுற்றில் பழைய வியாதி திரும்பி வந்தது: வாய் திறந்துவிட்டது. பெண்யா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இடது கையை நீட்டி நீட்டி மூக்கில் வைத்துக்கொண்டே இருந்தார். அமண்டா பதிலுக்கு வலதை வீச, அது காற்றில் போக, மறுபடி இடது. கடைசியில் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்தபோது அமண்டா பெரிதாகப் போராடவில்லை, தட்டிவிட்டார். பிடி அவ்வளவு இறுக்கம் இல்லை என்று கதைத்தார்கள். மூச்சு முடிந்த ஆளுக்கு எந்தப் பிடியும் இறுக்கம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ கவனிக்க வேண்டும். வருடக்கணக்காகப் பழகிய பெரிய ஜிம்மை விட்டு வெளியே வந்து, தனக்கென்று ஒரு சின்ன இடம் போட்டுக்கொண்டார். 2022 ஜூலை 30இல் மறுபடி பெண்யா. மணி அடித்தவுடன் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அமண்டா கால் மாற்றி நின்றார்! வலக்கை ஆள், இடக்கை ஆள் மாதிரி வலது காலை முன்னுக்கு வைத்து நின்றார். போன முறை பெண்யா மூக்கில் வைத்த அந்த இடது கைக்கு இப்போது பாதை இல்லை. நீட்டினால் அமண்டாவின் முன்கையில் முட்டும். பெண்யா பாய்ந்து வர வர, பின்னால் இருந்த இடதால் எதிர் அடி. இரண்டாம் சுற்றில் மட்டும் மூன்று தடவை விழுத்தினார். விழுத்திவிட்டு முன்பு மாதிரி மேலே பாய்ந்து மூச்சைக் கொட்டவில்லை, எழும்பு என்று நின்றார். பிறகு தூக்கிப் போட்டு மேலே இருந்து நிதானமாக முழங்கை. ஐந்து சுற்று. மூன்று நடுவர்களின் புள்ளிகள் 50-45, 50-44, 50-43.

அவர் உன் மாதிரி இரண்டு கிழமை போர்த்திக்கொண்டு படுத்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும். ஆனால் அந்தப் புதுப் பிள்ளை எந்தக் கையால் உன்னை அடித்தாள்? அது ஏன் உன்னிடம் வந்து சேர்ந்தது? ஒரு கொப்பியில் எழுது. வீடியோ எடுத்தவர்கள் இருந்தால் கேட்டு வாங்கிப் பார், சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார். நாளைக்குப் போகும்போது சேரிடம் முதல் கேள்வியாக அதைக் கேள். அவர் ஏசுவார். இரண்டு கிழமை வராததற்குத்தான், தோற்றதற்கு இல்லை. கயிறடிப்பதை மட்டும் இன்றைக்கே தொடங்கு, மூன்று நிமிடம் அடித்து ஒரு நிமிடம் ஓய்வு, வாயை மூடிக்கொண்டு.

கேள்வி: அவர் ஓய்வெடுத்துவிட்டாரா?
— ஒரு வாசகர், மட்டக்குளி

பதில்: 2023 ஜூன் 10இல் வான்கூவரில் ஐரீன் அல்டானாவை ஐந்து சுற்றில் வென்றுவிட்டு, கையுறையையும் இரண்டு பட்டிகளையும் கூண்டுத் தரையில் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்குக் கணக்கு 23 வெற்றி, 5 தோல்வி. 2025இல் யூ.எஃப்.சி.யின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். மறுபடி ஆடும் கதையும் அதோடு கூடவே வந்தது. சண்டைக்காரரும் பாட்டுக்காரரும் ஓய்வு என்று சொன்னால் நான் திகதி குறித்து வைப்பதில்லை.

கேள்வி: அன்ரி, அந்தச் சிங்க முகமூடி எங்கே வாங்கலாம்? தங்கச்சியின் பிறந்தநாளுக்கு. எனக்குப் பதினொரு வயது.
— ஜிந்துப்பிட்டி

பதில்: அமண்டா போட்டது எங்கே வாங்கியதோ. உனக்குப் புறக்கோட்டைதான் கிட்ட. இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டுப் பார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, சொல்கிற விலைக்கு வாங்காதே. ரப்பர் முகமூடி என்றால் முதலில் நீ போட்டுப் பார். மூக்கில் ஓட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசியைச் சூடாக்கி இரண்டு ஓட்டை போடச் சொல்லு, அப்பாவிடம், நீ போடாதே.